ஏழாவது பாடத்து வீடு

மருத்துவக் கல்லூரிக்குப் பின்பக்கத் தெருவில் அவளுக்கு ஒரே பெயர்தான்: அண்ணி. தபால்காரர் அண்ணி என்பார். பால் போடுகிறவர் அண்ணி என்பார். அவளைவிட மூத்த எதிர்வீட்டுக்காரம்மாகூட வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, "உன்னால என் வயசே எனக்கு மறந்துபோச்சு" என்று சிரிப்பார்.

எல்லாம் கொழுந்தனால் வந்தது. அவன் மருத்துவம் படிக்கச் சேர்ந்தபோது கடையில் வாங்கிய வெள்ளைக் கோட்டு அவன் உடம்பில் நிற்கவில்லை. கொடியில் காயப்போட்டதுபோல் தொங்கியது. அவள் அதை அப்படியே பிரித்து, தோளைக் குறைத்து, கழுத்துப்பட்டையை இரட்டைத் தையலாகப் போட்டுத் திரும்பத் தைத்தாள். மறுநாள் அவன் பின்னால் நாலு பேர் வந்து நின்றார்கள். "அண்ணி, எனக்கும்." அப்புறம் அந்த நாலு பேருக்குத் தெரிந்தவர்கள். கொழுந்தன் படித்து முடித்துப் போனபிறகும் கோட்டுகள் வந்துகொண்டே இருந்தன, அண்ணி என்ற பெயரும் நின்றுவிட்டது. இப்போது வருகிற பிள்ளைகளுக்கு அவள் யாருக்கு அண்ணி என்பதே தெரியாது.

அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது கொழுந்தன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். கணவன் சரக்குக் கப்பலில் வேலை. வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போகிறவன். மாமியார் படமாக மட்டும் சுவரில் இருந்தார். மாமனார் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆக, வீட்டில் பேச்சுத் துணைக்கு இருந்தது கொழுந்தன்தான். அவன் உடம்பின் எலும்புகளை வரிசையாக ஒப்பிப்பான். அவள் மிஷினை மிதித்துக்கொண்டே 'ம், ம்' என்பாள். ஒரு எழுத்தும் அவளுக்குப் புரியாது. ஆனால் அவன் ஒன்றை விட்டுவிட்டுத் தாண்டினால் கால் நின்றுவிடும். "நடுவுல ஒண்ணை முழுங்கிட்டே." "எப்படி அண்ணி கண்டுபிடிச்சீங்க?" "தினம் கேட்கிற பாட்டுல ஒரு அடி குறைஞ்சா காதுக்குத் தெரியாதா?" பரீட்சை முடிவு வந்த அன்று, அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன், அப்பாவிடம் போவதற்கு முன்னால் மிஷின் பக்கம் ஓடிவந்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருப்பதில்தான் அதன் ருசி.

பிறகு மாமனார் படுக்கைக்கு வந்தார். ஒரே நாளில் அல்ல. முதலில் கால் தள்ளாடியது, பிறகு கை நடுங்கியது, காது மந்தமாயிற்று. லாரியின் திருப்பங்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னவருக்குக் கழிவறைக்குப் போகும் வழி தூரமாகிவிட்டது. அவள் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து மிஷினுக்கு எதிரில் போட்டாள். தலையைத் தூக்கினால் அவர் முகம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய கணக்கு. கொழுந்தன் நகரத்தின் மறுகோடியில், மூன்றாவது மாடியில், மனைவியோடு குடியிருந்தான். மாதத்துக்கு ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு வருவான். இரத்த அழுத்தம் பார்ப்பான். "அண்ணி இருக்கிறதால எனக்குக் கவலையே இல்லை" என்பான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்து அவள் அடுத்த மாதம்வரை ஓட்டிவிடுவாள்.

போன வருஷம் ஒருநாள் அவன் கேமராக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் அப்போது அதே கல்லூரியில் முதியோர் மருத்துவம் கற்றுக்கொடுக்கும் ஆசிரியராகியிருந்தான். பல கல்லூரி மாணவர்களுக்குச் சேர்த்து ஆன்லைனில் பாடம் நடத்தப்போவதாகச் சொன்னான்.

"வயசானவங்களை ஒரு வீட்டுல எப்படி வெச்சுப் பார்த்துக்கறாங்கன்னு பசங்களுக்குக் காட்டணும் அண்ணி. ஆஸ்பத்திரிக் கட்டிலை மட்டும் பார்த்துட்டு டாக்டர் ஆயிடறாங்க."

"நம்ம வீட்டையா காட்டப் போறே? ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா சுண்ணாம்பாவது அடிச்சிருப்பேன்ல!"

"எதுவும் பண்ணாதீங்க. எப்பவும் எப்படி இருக்குமோ அப்படியே."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவன் வாசலில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அலமாரியிலிருந்து புதுப் போர்வையை எடுத்துக் கட்டிலில் விரித்துவிட்டாள். அவன் உள்ளே வந்து பார்த்துச் சிரித்து, அதை அவனே மடித்து வைத்துவிட்டுப் பழையதை விரித்தான். "அது போதும் அண்ணி, நிஜமா இருக்கணும்." அன்று காலையிலிருந்து இருட்டும்வரை படம் பிடித்தார்கள். அவள் மாமனாருக்கு மாத்திரை கொடுப்பதை, நாற்காலியில் உட்காரவைப்பதை, தண்ணீர் கொடுப்பதை. கடைசியில் அவன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கேட்டான். அவள் அந்நேரம் டீ போட்டுக்கொண்டிருந்தாள். போகும்போது, "உங்க முகம் தெரியாது அண்ணி, மறைச்சிடுவேன்" என்றான். "ஏன், என் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?" என்று அவள் சண்டைக்குப் போனாள். எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் காது கேட்காமலேயே சிரித்தார்.

அதற்குப் பிறகு அவள் அதை மறந்தும்விட்டாள். எங்கோ ஒரு அறையில் பிள்ளைகள் அவள் வீட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு மட்டும், சட்டைப்பைக்குள் போட்டுவைத்த மிட்டாய்போல, எப்போதாவது கைக்குத் தட்டுப்படும்.

கோட்டு தைக்க வருகிறவர்களை அவள் உள்ளே விடுவதில்லை. ஜன்னலோரமாக நிறுத்தி அளவெடுத்து அனுப்பிவிடுவாள். மாமனார் லுங்கி விலகிக் கிடப்பார், அது அவருக்கு மரியாதை இல்லை. ஆனால் அன்று நல்ல மழை. முதல் வருஷத்துப் பெண் ஒருத்தி, நனைந்த பூனைக்குட்டி மாதிரி ஜன்னலுக்கு வெளியே நின்றாள். தோழிகள் அவளை ஒல்லி என்று கூப்பிடுவதை அண்ணி கேட்டிருக்கிறாள். அவளுடைய கோட்டுக்குள் இன்னொரு ஒல்லியும் குடியிருக்கலாம்.

"உள்ளே வா பாப்பா. கோட்டு நனைஞ்சா பரவால்ல, நீ நனைஞ்சா காய்ச்சல் வரும்."

ஒல்லி உள்ளே வந்தாள். இரண்டடி வைத்தவள் அப்படியே நின்றாள். கட்டிலைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"ஐயோ!"

"என்ன, பல்லியா?"

"இல்ல அண்ணி... இது ஏழாவது பாடம்!"

"எது?"

"இந்த வீடு! எங்க ஆன்லைன் கிளாஸ்ல ஏழாவது பாடம் அண்ணி. அந்த ஜன்னல், அந்தப் பச்சைக் கதவு, எல்லாம் அப்படியே இருக்கு!" சினிமா எடுத்த இடத்துக்கு வந்துவிட்டவள்போல ஒல்லிக்குக் கால் தரையில் பாவவில்லை. "இதோ கால்மிதி. இதுதான் முதல் தப்பு, இதை எல்லாருமே கண்டுபிடிச்சிடுவாங்க. நாற்காலிப் பட்டை ரெண்டாவது. தண்ணி மூணாவது. மாத்திரைதான் கஷ்டம், நான் அதுல மார்க் விட்டுட்டேன். அப்புறம் கடைசியில அந்தத் தாத்தா கதவைப் பார்ப்பாரு பாருங்க, அது..."

அண்ணியின் வலது புறங்கையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட பழைய தழும்பு ஒன்று பிறை மாதிரி இருக்கும். அளவுநாடாவைப் பிடித்திருந்த அந்தக் கையை ஒல்லி அப்போதுதான் பார்த்தாள். பாடத்தில் மாத்திரை இடித்த கையிலும் அதே பிறை இருந்தது.

"அண்ணி... அது நீங்களா?"

"காட்டு" என்றாள் அண்ணி.

"வேணாம் அண்ணி, நான் சும்மா..."

"காட்டு பாப்பா."

சின்னத் திரையில் முதலில் வந்தது கொழுந்தன். அவள் தைத்த கோட்டையே போட்டிருந்தான். கழுத்துப்பட்டையின் இரட்டைத் தையலைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. புதுசு எத்தனை வாங்கியிருப்பான், இருந்தாலும் இதைப் போட்டிருக்கிறானே என்று. அவன் பேசத் தொடங்கினான்.

"மாணவர்களே, இன்று நாம் ஒரு வீட்டுக்குள் போகப்போகிறோம். இங்கே ஒரு முதியவர் வசிக்கிறார். அவரைப் பராமரிப்பவர் அவருடைய மருமகள். இந்த வீட்டில் நடக்கும் தவறுகள் என்னென்ன? கண்டுபிடியுங்கள்."

ஒரு வீடு. ஒரு முதியவர்.

பிறகு அவளுடைய முன்னறை வந்தது. தவறு என்று தோன்றும் இடத்தில் மாணவர்கள் விரலை வைக்க வேண்டும். சரியாக வைத்தால் சிவப்பு வட்டம் ஒன்று சுழன்று வந்து விழும், கொழுந்தனின் குரல் விளக்கம் சொல்லும். கோட்டு வெட்டிய மிச்சத் துணிகளைச் சேர்த்து அவள் பின்னிய கால்மிதியின்மேல் ஒரு வட்டம் விழுந்தது. கட்டிலிலிருந்து இறங்கும் கால் இதில்தான் வழுக்கும் என்றது குரல். மாமனார் இரண்டு தடவை விழுந்திருக்கிறார். தலைசுற்றல் என்றே அவள் நினைத்திருந்தாள். அவர் தானாக எழுந்து விழாமலிருக்க, நாற்காலியில் கட்டுவதற்கு அவள் கொக்கி வைத்துத் தைத்த பட்டையின்மேல் ஒரு வட்டம். ஒரு மனிதரை அவர் சம்மதம் கேட்காமல் கட்டிவைப்பது பராமரிப்பு ஆகாது என்றது குரல். அதைத் தைத்த மாதம் இதே குரல்தான், "அண்ணி, உங்க மூளையே மூளை, கார் பெல்ட் மாதிரியே இருக்கு" என்றது. படுக்கை நனையாமலிருக்கச் சாயங்காலத்துக்குமேல் அவள் கொடுத்த அரை டம்ளர் தண்ணீரின்மேல் ஒரு வட்டம். எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக இடித்து வாழைப்பழத்தில் குழைத்த கிண்ணத்தின்மேல் ஒரு வட்டம்.

"இதில் ஒரு மாத்திரை நாள் முழுக்க மெதுவாகக் கரைய வேண்டியது. இடித்துக் கொடுத்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கும். இந்தப் பெரியவர் மதியமெல்லாம் தூங்குவது முதுமையால் அல்ல."

அண்ணி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். மதியம். மாமனார் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு தெளிவாகச் சொல்கிறான் என்று தோன்றியது. அதுதான் அவளைக் குத்தியது. ஒரு வார்த்தைகூடப் புரியாமல் இல்லை. மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்திருக்கலாம்.

கடைசியில் மாமனார் முகம் பெரிதாக வந்தது. கொழுந்தன் அவர் காதருகே கேட்கிறான்: "உங்களை இங்கே நல்லாப் பார்த்துக்கறாங்களா?" அவர் பதில் சொல்லுமுன் கதவுப் பக்கம் பார்க்கிறார். பிறகு, "ம்" என்கிறார். படம் அங்கே நின்றது. முதியவர் ஏன் கதவைப் பார்த்தார்? கீழே நான்கு பதில்கள். 'பராமரிப்பவரிடம் அச்சம்' என்பதைத்தான் பெரும்பாலான பிள்ளைகள் தொட்டிருந்தார்கள்.

"அதுக்கும் கீழே என்னமோ எழுதியிருக்கே?"

"அது பசங்க பேசிக்கிறது அண்ணி. அதைப் படிக்க வேணாம்."

அவள் படித்தாள். மருமகள்கள் எல்லாம் இப்படித்தான் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். தூங்கவைக்கத்தான் மாத்திரையை இடிக்கிறாளோ என்று ஒருவன். 'இப்படிப்பட்டவர்களைப் போலீஸில் சொல்லலாமா, ஐயா?' என்று இன்னொருவன். அந்தக் கேள்விக்கு மட்டும் ஆசிரியர் பதில் எழுதியிருந்தார். 'நல்ல கேள்வி. அடுத்த பாடத்தில் பேசுவோம்.'

நல்ல கேள்வி.

மழை விட்டபிறகும் ஒல்லி போகாமல் நின்றாள். "எனக்குத் தெரியாது அண்ணி. நானும் அந்தப் பதிலைத்தான் தொட்டேன்" என்றாள். அழுதுவிடுவாள்போல் இருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்? கையைத் தூக்கு, அளவெடுக்கணும்" என்றாள் அண்ணி. பிறகு, "அந்த மாத்திரை எது? வெள்ளையா, மஞ்சளா?" என்று கேட்டாள்.

அன்றைக்கே கால்மிதியைச் சுருட்டிப் பரணில் போட்டாள். பட்டையை நாற்காலியிலிருந்து அவிழ்த்து, மிஷினுக்கு அடியில் இருக்கும் வெட்டுத்துணிக் கூடையில் எறிந்தாள். மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு, இடிக்கக்கூடாத மாத்திரையைத் தனியாக வைத்தாள். சாயங்காலத் தண்ணீர் முழு டம்ளர் ஆயிற்று. போர்வைகள் கூடுதலாக நனைந்தன, அவள் துவைத்தாள். தெருமுனை வெல்டிங் கடைக்காரர் அவளிடம் கோட்டு தைத்துக்கொள்கிறவர் இல்லை, ஆனாலும் அண்ணி சொன்னால் வருவார். கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி ஏறியது. மாமனாரின் நாற்காலி மிஷினை ஒட்டி வந்தது. அவர் எழுந்தால் அவள் முழங்கையில் இடிக்கும், தெரிந்துவிடும்.

சில நாளில் மாமனார் மதியத்தில் விழித்திருக்க ஆரம்பித்தார். "என்ன இது, இப்படித் தடதடன்னு சத்தம்?" என்று முதல் நாள் கேட்டார்.

"மிஷின் மாமா. இத்தனை வருஷமா ஓடுது."

"அப்படியா? மதியத்துலயுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. எத்தனை மதியங்களை அவள் கையாலேயே இடித்துக் குழைத்து ஊட்டியிருக்கிறாள்? தப்பு தன்னுடையதுதான். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் தப்பைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒருவன், கையைப் பிடித்து நிறுத்தாமல் படம் பிடித்துக்கொண்டு போனானே, அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? பாடம் எடுத்து வருஷம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகும் மாதாமாதம் வந்தான். பழம் கொண்டுவந்தான். அந்தப் பழத்திலும்தானே அவள் குழைத்தாள்.

கணவனுக்குப் போன் போட்டாள். கப்பல் எந்தத் துறைமுகத்திலோ நின்றிருந்தது.

"அவன் வேணும்னு பண்ணியிருக்க மாட்டான். பாடத்துக்காக ஏதோ பண்ணியிருக்கான், பெரிசு பண்ணாதே."

"என்னைப் போலீஸ்ல சொல்லலாமான்னு ஒரு பையன் கேட்டிருக்கான்."

"சொல்லலையே?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான், அதே கேமராக்காரரோடு. இம்முறை பெரிய பை ஒன்றும் கூட வந்தது. வாசலிலேயே உற்சாகமாக ஆரம்பித்தான். "அண்ணி, இன்னைக்கு வீட்டையே மாத்தப் போறோம்! அப்பாவுக்குக் கைப்பிடிக் கம்பி, வழுக்காத விரிப்பு, எல்லாம் கொண்டுவந்திருக்கேன்." பையைத் திறந்தான். எல்லாவற்றிலும் கல்லூரி முத்திரை குத்தியிருந்தது.

"இதெல்லாம் இங்கேயே இருக்குமா?" என்று கேட்டாள் அவள்.

"இல்ல... இது லேபுக்குச் சொந்தம். படம் எடுத்துட்டுத் திருப்பிக் கொடுத்துடணும். அப்புறமா நம்ம ஒண்ணு வாங்கிக்கலாம்." சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவன் நின்றான். தரையில் கால்மிதி இல்லை. நாற்காலி இடம் மாறியிருந்தது. கழிவறைக் கதவு வழியாகப் புதுக் கம்பி பளபளத்தது.

"அண்ணி! யாரு சொன்னா இதெல்லாம்?"

"நீதான்."

"நானா?"

"ஏழாவது பாடத்துல. நல்லாச் சொல்லிக்கொடுக்கிறே தம்பி. எனக்கே புரிஞ்சுதுன்னா பாரேன்."

கேமராக்காரர் பக்கத்துச் சுவரில் மிகவும் சுவாரசியமான ஏதோ இருப்பதுபோல் பார்க்கத் தொடங்கினார். கொழுந்தனின் காது சிவந்தது. சின்ன வயதிலும் பொய் சொன்னால் முதலில் சிவப்பது காதுதான்.

"முகத்தை மறைச்சிருந்தேனே அண்ணி. உங்களை யாருக்கும் தெரியாது."

"இந்தத் தெருமுழுக்கக் கோட்டு போடற பிள்ளைங்க என் கையைப் பார்த்துத்தான் வளர்ந்திருக்கு. கையை மறைச்சியா?"

"அது உங்களைப் பத்தின பாடம் இல்ல அண்ணி. எத்தனையோ வீட்டுல நடக்கிறது. அந்தப் பசங்க இதைப் பார்த்து நாளைக்கு எத்தனை பேரைக் காப்பாத்துவாங்க தெரியுமா?"

"காப்பாத்தட்டும். நான் அதை வேணாம்னு சொல்லலை. இடிக்காதீங்க அண்ணின்னு ஒரு வார்த்தை. அதை ஊர் உலகத்துக்கெல்லாம் சொன்னே. உங்கப்பாவுக்கு ஊட்டற கைக்குச் சொல்லலை. ஏன்டா?"

அவள் அவனை 'டா' போட்டுப் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் வருவேன். சொன்னா... 'அவ்வளவு தெரிஞ்சவன் நீயே கூட்டிட்டுப் போய்ப் பாரு'ன்னு சொல்லிடுவீங்களோன்னு..." அவன் முடிக்கவில்லை. "எங்க வீடு மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல. அவளுக்கும் வேலை. நான் என்ன பண்ண முடியும்?"

ஆக, அவ்வளவுதான். அவள் வேறு ஏதாவது பெரிய காரணம் இருக்கும் என்று இத்தனை நாளாகத் தேடியிருந்தாள்.

கட்டிலில் மாமனாருக்கு இதில் எதுவும் காதில் விழவில்லை. மகன் வந்திருக்கிறான், கேமரா வந்திருக்கிறது, அது போதும். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். "என்ன நின்னுட்டே இருக்கீங்க? எடுக்கலையா?"

"வேணாம் மாமா" என்று அவள் உரக்கச் சொன்னாள்.

"ஏன் வேணாம்? எடுக்கட்டும் அம்மாடி. அவன் பொழப்பு அது. நாம கெடுக்கக் கூடாது."

அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. அதனால் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

"சரி மாமா, எடுக்கட்டும். ஆனா இங்க வேணாம். தம்பி வீட்டுல வெச்சு எடுக்கட்டும். சரியான வீடு எப்படி இருக்கணும்னு அங்கதானே காட்ட முடியும்? நாலு நாள் தங்கிட்டும் வாங்க."

மாமனாரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது, அவர் அந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசத்துக்குப் போனதோடு சரி. "போலாமா தம்பி?" என்று அவர் மகனைக் கேட்டார். கேமராக்காரர் எதிரில் கொழுந்தன் வேறென்ன சொல்வான்? "போலாம்பா. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அந்த வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சு. மாடிப்படி ஏறிப் பழக வேண்டும் என்று மாமனார் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பையைத் தானே அடுக்குவேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் முகச்சவரம், இஸ்திரி போட்ட சட்டை, மடியில் பை. வாசலுக்கு நேராக நாற்காலியைத் திருப்பச் சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

கொழுந்தன் வரவில்லை. பகல் ஏறியபிறகு போனில் செய்தி வந்தது. 'அண்ணி, ஸ்டூடியோவிலேயே செட் போட்டு ஒரு நடிகரை வைத்து எடுத்து முடித்துவிட்டோம். அப்பாவை அலைக்கழிக்க வேண்டாம். அவரிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள்.'

ஏதாவது.

அவள் போனைப் பிடித்தபடி மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். டிராஃபிக் என்று சொல்லலாம். அவசர ஆபரேஷன் என்று சொல்லலாம். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? கிழவர் நம்புவார், சாயங்காலத்துக்குள் மறந்தும்போவார். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவனும் இப்படித்தான் ஒவ்வொரு மாதமும் உட்கார்ந்திருப்பானோ? அந்த நினைப்பு வந்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. எழுந்துபோய் அவர் காதருகே குனிந்தாள்.

"மாமா, தம்பி வரமாட்டான். வேற ஒருத்தரை வெச்சு எடுத்துட்டாங்களாம்."

"ஆங்?"

"வரமாட்டான். உங்களுக்குப் பதிலா நடிகர் ஒருத்தரை உட்காரவெச்சு எடுத்துட்டாங்க."

அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடத்தில் கதவைப் பார்த்த அதே பார்வை. ஒல்லி வந்துபோன நாளிலிருந்து அவள் அந்தப் பார்வைக்கு அர்த்தம் தேடியிருக்கிறாள். டீ வருகிறதா என்று பார்த்தார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்போதும் அவளுக்கு உறுதியாகத் தெரியவில்லை.

"நீ அவனை என்ன சொன்னே?" என்று கேட்டார் மாமனார்.

"நானா?"

"அன்னைக்கு அவன் முகமே சரியில்லை. நீ ஏதோ சொல்லியிருக்கே. அதான் வரலை."

இதற்கும் ஒரு சிவப்பு வட்டம் இருந்தால் அது யார்மேல் விழும்? குடத்திலிருந்து தண்ணீர் எடுத்து, முழு டம்ளர், அவர் கையில் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை டம்ளரின் அடியைத் தாங்கிக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்க்காமலேயே குடித்தார்.

"பையை எடுத்து வெச்சிடு" என்றார் கடைசியில்.

அவள் பையைக் கட்டிலில் வைத்துப் பிரித்தாள். வேட்டி, துண்டு, மாத்திரை டப்பா. எல்லாவற்றுக்கும் அடியில், அழகாகச் சுருட்டி, கொக்கி உள்ளே போகும்படி மடித்து, அந்தப் பட்டை இருந்தது. அவள் கூடையில் எறிந்த பட்டை.

"இது எதுக்கு மாமா?"

"அங்க புது இடமில்லையா" என்றார் அவர், இன்னும் கோபம் குறையாத குரலில். "விழுந்துட்டா யாரு தூக்குவா?"

அவள் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கூடை மிஷினுக்கு அடியில், சுவரோரத்தில் இருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் நாற்காலியிலிருந்து தானாக எழுந்து, மிஷினைச் சுற்றிப்போய், குனிந்து, வெட்டுத்துணிகளைக் கிளறி, விழாமல் திரும்பி வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் எப்போது அசந்தாள்? குளிக்கப் போனபோதா, கடைக்குப் போனபோதா?

"யாரைக் கேட்டு எழுந்தீங்க?" என்று அவள் அவர் காதில் கத்தினாள்.

"யாரைக் கேட்கணும்?" என்றார் மாமனார். அவர் கண் இன்னும் வாசலில்தான் இருந்தது.

அவள் பட்டையை மறுபடி கூடையில் போடவில்லை. நாற்காலியிலும் கட்டவில்லை. அவர் எட்டி எடுக்கும் தூரத்தில், கட்டில் கம்பியில் தொங்கவிட்டாள். பிறகு மிஷினுக்குப் போய் உட்கார்ந்து, ஒல்லியின் கோட்டை எடுத்து, கையைச் சுருக்கத் தொடங்கினாள். தைத்துக்கொண்டிருக்கும்போதே தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். கால்மேல் கால் போட்டு, வாசலைப் பார்த்தபடி, அவர் விழித்திருந்தார். மதியம் ஆகியிருந்தது.